வெற்றிட பாட்டிலுக்குள் எந்த உலோகத்தைத் தேய விடலாம்?

பழைய 11 கி.வோ. விசிபியின் (வெற்றிட சர்க்யூட் பிரேக்கர்) பாட்டிலை, அதாவது காற்றை உறிஞ்சி மூடிய குடுவையை, அறுத்துத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது மின்சுற்றைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்ட் அல்ல, அதைச் சுற்றியிருக்கும் உலோக உறையான ஷீல்டு. உள்பக்கம் முலாம் பூசியதுபோல மின்னும். கான்டாக்டிலிருந்து ஆவியாகிப் போன உலோகம்தான் அது. வெற்றிடத்தில் வாயு இல்லாததால், ஆர்க் (கான்டாக்ட் பிரியும்போது இடைவெளியில் எரியும் மின்பொறி) எரியத் தேவையான ஆவி மின்முனையிலிருந்தே வர வேண்டும். அதனால் தேயாத கான்டாக்ட் கிடையாது.

சுத்தச் செம்பையே போட்டால் என்ன? செம்பின் கேத்தோடில் (எதிர்முனையில்) ஒரு கூலூமுக்கு (ஒரு ஆம்பியர் ஒரு வினாடி ஓடினால் கடக்கும் மின்னூட்டம்) 100 மைக்ரோகிராம் அளவில் உலோகம் போகும். 630 ஆம்பியர் லோடை அரைச் சுற்றில் நிறுத்தினால் அரை மில்லிகிராம் சொச்சம். 10,000 தடவை திறந்தாலும், 40 மி.மீ. விட்டமுள்ள கான்டாக்டில் சுமார் அரை மி.மீ.தான் குறையும். செம்பை வீழ்த்தியது தேய்மானமே இல்லை. ஷார்ட் சர்க்யூட் போன்ற ஃபால்ட்டில் மூடும்போது இரண்டு முகமும் வெல்டாகிப் பிடித்துக்கொள்வது.

அதற்காக பிஸ்மத் கலந்தார்கள். வெல்டு எளிதில் உடைந்தது, ஆனால் தேய்மானம் கூடி, மின்னழுத்தம் தாங்கும் திறன் குறைந்தது. என் கணக்கில் இது வாங்கியதைவிடக் கொடுத்தது அதிகம்.

செம்பு-குரோமியம்தான் இன்று பிரேக்கர்களில் நிலைத்த கூட்டணி. குரோமியம் பெரும்பாலும் 25 முதல் 50 சதவீதம். செம்பு 1,085 டிகிரியில் உருகும், குரோமியத்துக்கு 1,900 தாண்ட வேண்டும். ஆர்க் பட்ட மேல்பரப்பு உருகி உறையும்போது குரோமியம் பொடிப்பொடியாகச் செம்பில் பரவி, மெல்லிய, சமமான படலமாகிறது. கசியும் வாயுவையும் குரோமிய ஆவி பிடித்துக்கொள்ளும். ஏசி மின்னோட்டம் தானாகத் தொடும் பூஜ்ஜியத்துக்கு முன்பே அறுந்துபோகும் 'சாப்பிங்' அளவு 3-5 ஆம்பியர். சுத்தச் செம்பில் அது 15 வரை போகும்.

மோட்டாரை அடிக்கடி போட்டு நிறுத்தும் கான்டாக்டர் என்றால் என் ஓட்டு வெள்ளி-டங்ஸ்டன் கார்பைடுக்கு. சாப்பிங் ஒரு ஆம்பியர் அளவுக்கு இறங்குவதால் மின்னழுத்தம் எகிறுவது குறைந்து, மோட்டார் வைண்டிங் பிழைக்கும். பெரிய ஷார்ட் சர்க்யூட்டை உடைக்கத்தான் இதற்குத் தெம்பு போதாது, விலையும் அதிகம்.

ஆனால் பல ஆயிரம் ஆம்பியர் தாண்டி ஆர்க் ஒரே தூணாகக் குவிந்துவிட்டால் ஆனோடு (நேர்முனை) குளம்போல உருகும். எந்தக் கலவையும் அப்போது தனியாகக் காப்பாற்றாது. சுருள் வெட்டு போட்ட கான்டாக்ட் அந்தத் தூணை ஓட வைக்கிறது. அச்சுவழிக் காந்தப்புலம் தூணே உருவாகாமல் ஆர்க்கைப் பரப்பி வைக்கிறது. தேய்மானத்தை மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் மேல்.

அப்புறம், மிச்ச ஆயுளைப் பார்க்க பாட்டிலை அறுக்க வேண்டாம். பிரேக்கரை மூடி வைத்து, கான்டாக்டை அசைக்கும் ராடில் இருக்கும் தேய்மானக் குறியைப் பாருங்கள். பல மாடல்களில் 3 மி.மீ. வரைதான் அனுமதி.