‘புகையே வராது’ என்று விற்ற விறகடுப்பு: பணம் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்

வீட்டுக்குள் வைக்கிற, கண்ணாடிக் கதவும் புகைக்குழாயும் உள்ள இரும்பு விறகடுப்பு வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு அடுப்பு விற்றவர் ஒருவர். குழாய் மாட்டியது அவர் அனுப்பிய ஆள். விறகு இறக்கியவரும் அவர் கைகாட்டியவர்தான். புகார் நடந்துகொண்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை. என்ன நடந்தது, எதை முன்கூட்டியே பார்த்தால் தப்பிக்கலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அடுப்பு வந்த முதல் வாரத்திலேயே கண்ணாடி கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. விறகு கட்டுக்கட்டாகப் போனது, அறை மட்டும் சூடேறவில்லை. கதவைத் திறந்தால் புகை முகத்தில் அடித்தது. குழாய்ப் பொருத்துகளிலிருந்து பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ ஒழுகிச் சுவரெல்லாம் கோடு போட்டது. அடுப்பு விற்றவரைக் கூப்பிட்டுச் சொன்னால், “புதுசுல அப்படித்தான் இருக்கும்க்கா, போகப் போகச் சரியாயிடும்” என்றார். சரியாகவில்லை என்றதும் பேச்சு மாறியது: “உங்களுக்குத் தீ மூட்டத் தெரியலைக்கா.” அதற்கு மருந்தாக ஊதுவிசிறி ஒன்றும், குழாயைச் சுத்தம் செய்யும் பொடி டப்பா ஒன்றும் விற்கப் பார்த்தார். அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. கோளாறையும் அவரே விற்கிறார், அதற்குப் பரிகாரத்தையும் அவரே விற்கிறார்.

முதலில் விறகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஏமாற்று அதில்தான் இருந்தது.

“நல்லாக் காய்ஞ்சது, அப்படியே வைக்கலாம்” என்று சொல்லி இறக்கினார்கள். மேலே அடுக்கியிருந்தவை உண்மையிலேயே காய்ந்தவை. கீழே போகப் போகக் கட்டை கையில் கனத்தது. காய்ந்த கட்டைகள் இரண்டைத் தட்டினால் ‘ணங்’கென்று கேட்கும், இவை ‘தொப்’பென்றன. வெட்டிய முனையில் வெடிப்பு விட்டிருந்ததைக் காட்டி, “பாருங்க, வெடிச்சிருக்கு” என்றார்கள். முனைதான் எந்தக் கட்டையிலும் முதலில் காயும் இடம். அதில் உள்ள வெடிப்பு நடுவில் இருக்கும் ஈரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. அடுத்து ஈரமானியைக் கொண்டுவந்து, வெயிலில் கிடந்த வெளிப்பக்கத்தில் குத்திக் காட்டினார்கள். எண் குறைவாகத்தான் வந்தது, வராமல் என்ன செய்யும்? அதே கட்டையைக் கோடாலியால் பிளந்து, புதிதாகத் திறந்த உள்முகத்தில் நான் குத்தியபோது முள் 30 விழுக்காட்டைத் தாண்டிப் போயிற்று. அந்த அளவுக்கு மேல் இந்தக் கருவிகள் காட்டும் எண்ணைத் துல்லியமாக எடுத்துக்கொள்ள முடியாது. நல்ல ஈரம் என்பது மட்டும் நிச்சயம்.

அதனால் வேறு வழியில் பார்த்தேன். இதை யாரும் செய்யலாம். கட்டையின் நடுவிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடை போட்டு, மின் ஓவனில் 105 டிகிரி சூட்டில் வைத்து, எடை இறங்குவது நிற்கும்வரை விட வேண்டும். எவ்வளவு எடை குறைந்ததோ அவ்வளவும் தண்ணீர். எங்கள் துண்டில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது.

கணக்கைப் பாருங்கள். விறகை எடைக்கு விற்கிறார்கள். 100 கிலோவில் 40 கிலோ தண்ணீர் என்றால் கையில் கிடைத்த மரம் 60 கிலோ. ஒழுங்காகக் காய்ந்து ஈரம் 20 விழுக்காட்டுக்கு வந்த விறகாக இருந்தால் அதே பணத்துக்கு 80 கிலோ மரம் வந்திருக்கும். நட்டம் அத்தோடு முடியவில்லை. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் சுமார் 2.26 மெகாஜூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் வேண்டும். அதையும் மீதியுள்ள மரம்தான் கொடுத்தாக வேண்டும். காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 14, 15 மெகாஜூல் தரும். எடையில் பாதி தண்ணீராக இருக்கிற பச்சை விறகு 8 மெகாஜூலைத் தருவதே பெரிது.

புகைக்கும் வேர் இதுவே. விறகைச் சூடாக்கினால் அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் வாயுவாகக் கிளம்பிவிடும். நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். அது முழுதாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி சூடும், தேவையான காற்றும், எரிந்து முடிக்கச் சற்று நேரமும் வேண்டும். ஈரக் கட்டை அந்தச் சூட்டை எட்டவே விடாது. எரியாத வாயு புகையாக வெளியே போகிறது, குழாயில் படிகிறது, கண்ணாடியில் அப்புகிறது. இதற்கு ஊதுவிசிறி வைத்தால் தண்ணீர் எங்கே போகும்?

ஈர அளவைச் சொல்வதிலும் ஒரு தந்திரம் உண்டு. மொத்த எடையில் இத்தனை விழுக்காடு என்று சொல்வது ஒரு முறை. காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுச் சொல்வது இன்னொரு முறை. ஊசி ஈரமானிகள் பெரும்பாலும் இரண்டாவது முறையில் காட்டும். கருவியில் 25 என்றால் மொத்த எடையில் 20 என்று பொருள். விற்பவர் எந்த முறையில் சொல்கிறார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே ஒரு பதில். இங்கிலாந்தில் 2021 மே முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கிற விறகில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். அப்படிச் சட்டம் இல்லாத இடங்களில் கோடாலியும் தராசும்தான் நமக்குத் துணை.

“இந்த மரம் ரெண்டு மடங்கு சூடு தரும்” என்று கூடுதல் விலை சொல்வார்கள், அதையும் நம்பாதீர்கள். ஒரே அளவு காய்ந்திருந்தால் எந்த மரமானாலும் கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான். பிசின் உள்ளவற்றில் கொஞ்சம் கூடும். கனமான மரம் ஒரு கட்டைக்குக் கூடுதல் நேரம் நிற்கும் என்பது உண்மை, ஆனால் எடைக்கு வாங்கும்போது அதற்கு ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டோம்.

இப்போது நாங்கள் விறகை முன்கூட்டியே வாங்கிப் பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுகிறோம். மரத்தைப் பொறுத்து ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை ஆகும். தார்ப்பாயால் நாலாபுறமும் இழுத்து மூடினால் காயாது, பூசணம்தான் பிடிக்கும்.

அடுத்து, குழாய். அடுப்புக்குப் பின்னால் படுக்கைவாட்டில் நீளமாகக் கொண்டுபோய், இரண்டு இடத்தில் செங்குத்தாக மடக்கி, வெளிச்சுவரில் ஏற்றி, கூரை முகட்டுக்குக் கீழேயே நிறுத்திவிட்டுப் போனார் வந்த ஆள். சுவரில் துளை போட அது சுலபமான வழி, வேறு காரணம் எதுவும் இல்லை. சூடான புகை இலேசாக இருப்பதால் மேலே ஏறுகிறது. அந்த இழுப்பு குழாயின் உயரத்தையும், உள்ளே இருக்கும் சூட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டையும் பொறுத்தது. ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு அடி படுக்கைவாட்டமும் இழுப்பைத் தின்னும். காப்பு இல்லாத ஒற்றைத் தகட்டுக் குழாயை வெளியில் குளிரவிட்டால் புகை வழியிலேயே ஆறி, தார்போல் படியும். அமெரிக்கக் கட்டட விதிகளில் உள்ள அளவு பரவலாகப் பயன்படுகிறது: கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம், 10 அடி சுற்றுவட்டத்தில் உள்ள எதையும்விட 2 அடி உயரம்.

சுவரில் ஒழுகிய பழுப்பு நீரின் காரணம் பிறகுதான் விளங்கியது. குழாய்த் துண்டுகளைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார். மேல் துண்டின் சுருக்கிய முனை கீழ்த் துண்டுக்குள் இறங்க வேண்டும். அப்போதுதான் உள்ளே வழிவது உள்ளேயே வழிந்து அடுப்புக்குத் திரும்பிவிடும். இவர் மாற்றிப் பொருத்தியதால் ஒவ்வொரு பொருத்தும் ஒரு வாய்க்கால் ஆகிவிட்டது. கேட்டால், “அப்படிப் போட்டாப் புகை கசியும்க்கா” என்கிறார். இழுப்பு சரியாக இருக்கும் குழாயில் காற்று உள்ளே இழுபடுமே தவிரப் புகை வெளியே கசியாது. தொழில் தெரிந்தவர் சொல்கிற பேச்சா அது!

இந்தப் படிவை அழுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அது எரிபொருள். ஒருநாள் தீ பெரிதாக எரியும்போது குழாய்க்குள்ளேயே பற்றிக்கொண்டால் சூடு 1,000 டிகிரியைத் தாண்டும். பெரிய இரைச்சல் கேட்கும். அப்போது காற்றுவழிகளை மூடிவிட்டு எல்லோரும் வெளியேறித் தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டும். சுட்டுக்கொண்டிருக்கும் இரும்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் வெடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது தூரிகை விட்டுத் துடைக்க வேண்டும்; படிவு 3 மில்லிமீட்டரை எட்டினால் ஆண்டு முடியக் காத்திருக்கக்கூடாது. அவர் விற்க வந்த பொடி படிவை இளக்கிக் கொடுக்கலாம், வெளியே எடுத்துப் போடாது. தூரிகைக்குப் பதில் பொடி என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

எனக்கு இன்னும் கோபம் ஆறாத விஷயம் கார்பன் மோனாக்சைடு அலாரம். தனியாக வேண்டுமா என்று நான் கேட்டபோது, “குழாய்தான் இருக்கே, அது எதுக்கு” என்று சிரித்தார் மாட்டிய ஆள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று ஆரம்பித்து, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சமையலறைப் புகைவிசிறி ஓடினால்கூட வீட்டுக்குள் அழுத்தம் குறைந்து, குழாயிலிருந்து வாயு திரும்பி உள்ளே வரலாம். விசிறியைப் போட்டுவிட்டு, அணைத்த தீக்குச்சியின் புகையை அடுப்புக் கதவருகே பிடித்துப் பாருங்கள். புகை அடுப்புக்குள் போக வேண்டும். உங்கள் பக்கம் வந்தால் வேறொரு சன்னலைத் திறக்காமல் அடுப்பை மூட்டக்கூடாது. “கொஞ்சம் புகைதானே” என்பவர்களுக்கு: வீட்டுக்குள் விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய் எரிப்பதால் எழும் காற்று மாசால் 2020-இல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

அடுப்பின் அளவிலும் ஏமாற்றினார்கள். எங்கள் அறைக்குத் தேவையானதைவிடப் பெரியதைத் தலையில் கட்டினார்கள். பெரிய அடுப்பு சிறிய அறையில் முழுவீச்சில் எரிந்தால் உட்கார முடியாது, ஆகவே காற்றை அடைத்து அடைத்து எரிப்போம், அடைத்தால் புகை. இதற்கு விற்றவர் சொன்ன யோசனை இன்னும் மோசம்: “ராத்திரி நிறையக் கட்டையைப் போட்டு காத்துவழியை மூடிடுங்க, காலை வரைக்கும் நிக்கும், விறகு மிச்சம்.” அப்படிப் புகைய விட்டால் விறகின் வாயுவெல்லாம் எரியாமல் குழாயில் ஏறும். படிவும் கார்பன் மோனாக்சைடும் கூடுவது அப்போதுதான். மிச்சம் ஒன்றும் இல்லை.

நாங்கள் இப்போது எரிக்கும் முறை இதற்கு நேரெதிர். பெரிய கட்டைகள் அடியில், சிறியவை அவற்றின்மேல், சிராய்கள் உச்சியில், மூட்டுவது உச்சியில். தீ மேலிருந்து கீழே இறங்கும்போது அடிக்கட்டையிலிருந்து கிளம்பும் வாயு சுவாலைக்குள் புகுந்தே வெளியேற வேண்டியிருப்பதால் எரிந்துவிடுகிறது. காற்றுவழி நன்றாகத் திறந்திருக்கும். தணல் நிலைத்தபின் கொஞ்சமாகக் குறைப்போம், சுவாலை சோம்பும் அளவுக்குக் குறைப்பதில்லை. ஒரே தடவையில் திணிக்காமல் இரண்டு மூன்று கட்டையாகப் போடுகிறோம். கால் மணி, இருபது நிமிடத்துக்குப் பிறகு வெளியே போய்ப் பார்த்தால் குழாய் முனையில் காற்று நடுங்குவதுதான் தெரிய வேண்டும். பெயின்ட் அடித்த பலகை, ஒட்டுப்பலகை, மருந்தேற்றிய மரம் எதுவும் உள்ளே போகாது. மருந்தேற்றிய மரத்தில் ஆர்செனிக், குரோமியம்கூட இருக்கலாம்.

கதவின் இடுக்கை அடைக்கும் ஓரக் கயிறும் தளர்வாகத்தான் வந்தது. ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் காற்று கசிகிறது, நீங்கள் காற்றைக் கட்டுப்படுத்துவதாக நினைப்பது பொய். அடுப்பை இறக்கும் இடத்திலேயே இதைச் சோதிக்கலாம்.

வேறொரு ஆளைப் பிடித்துக் குழாயை நேராகக் கூரைவழி ஏற்றி, வெளிப்பகுதிக்குக் காப்பு வைத்த இரட்டைச் சுவர்க் குழாய் போட்டு, விறகையும் மாற்றியபின், அதே பெரிய அடுப்பே நாங்கள் நினைத்ததைவிட ஒழுங்காக எரிகிறது. கண்ணாடி தெளிவாக இருக்கிறது. விறகுக்காரர் மீதியைத் திருப்பி எடுத்துக்கொண்டார். ஓவன் கணக்கைக் காட்டியதும் அதிகம் பேசவில்லை. அடுப்பு விற்றவர் மசியவில்லை. விளம்பரத்தில் ‘90 விழுக்காடு திறன்’ என்று போட்டிருந்தார். எதை எதால் வகுத்த திறன் என்று கேட்டேன். எரிதலின் திறனும், அறைக்கு வந்து சேரும் வெப்பத்தின் திறனும் வேறு வேறு. எந்தச் சோதனைப்படி என்றால் பதில் இல்லை. சூடாக்கும் அடுப்புக்கு ஐரோப்பாவில் ஈஎன் 16510, சமையல் அடுப்புக்கு ஐஎஸ்ஓ 19867 என்று தரங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 2020 முதல் புதிய விறகடுப்புகளுக்குப் புகைத் துகள் வெளியேற்றம் வழக்கமான சோதனையில் மணிக்கு 2 கிராம்தான் உச்சவரம்பு. சோதித்த அடுப்பு என்றால் சான்றில் எண் இருக்கும்.

அவர் தப்பிப்பது ரசீதால்தான். அதில் ‘இரும்பு அடுப்பு 1, பொருத்தும் கூலி’ என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை. நீங்கள் வாங்கும்போது அடுப்பின் வெப்ப அளவு கிலோவாட்டில், சோதனைத் தர எண், குழாயின் வகையும் மொத்த உயரமும், பொருத்தியவரின் பெயர், விறகுக்குத் தனி ரசீதில் ‘பிளந்த உள்முகத்தில் ஈரம் மொத்த எடையில் 20 விழுக்காட்டுக்குள்’ என்ற வரி, இவ்வளவையும் எழுதி வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். எழுத மாட்டேன் என்றால் முன்பணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.