மோட்டார் லேர்னிங் வீடியோ கோர்ஸ்: முதல் பாகம் சுமார், ரெண்டாவது பாகத்துக்காக வாங்கலாம்

பிசியோதெரபிஸ்ட்டுங்களுக்காகவே போட்ட கோர்ஸ் இது, பேஷன்ட்டுக்கு ஒரு மூவ்மென்ட்ட எப்படி கத்துக்கொடுக்கறதுங்கறதுதான் விஷயம். லேர்னிங் தியரி வர்ற முதல் பாகம் செம போர். தார்ண்டைக், ஸ்கின்னர், பாண்டுரான்னு சைக்காலஜி ஆளுங்க போட்டோவும் டெஃபனிஷனுமா ஓடிட்டே இருக்கு. பாண்டுரா 1977ல எழுதுன செல்ஃப் எஃபிகஸி, அதாவது 'என்னால இத பண்ண முடியும்'னு ஆளுக்கு இருக்கற நம்பிக்கை, வீட்டுல எக்சர்சைஸ் பண்ணுவாரா மாட்டாராங்கறதே பாதி அதுலதான் இருக்கு, அத ஒரு ஸ்லைடுல முடிச்சிட்டாங்க. எக்ஸாமுக்கு படிக்கறவங்களுக்கு வேணா ஓகே.

ரெண்டாவது பாகம்தான் சரக்கு. ஃபிட்ஸ், போஸ்னர் 1967ல சொன்ன மூணு ஸ்டேஜ், காக்னிட்டிவ் (ஒவ்வொண்ணையும் யோசிச்சு பண்றது), அசோசியேட்டிவ் (தப்பு கொறஞ்சு செட் ஆகறது), ஆட்டோனமஸ் (யோசிக்காமலே தானா வர்றது), நம்ம எல்லாருமே மனப்பாடம் பண்ணதுதான், ஆனா இங்க ஸ்ட்ரோக் வந்தவர் நடக்கற வீடியோவ வெச்சு காட்டறாங்க, காலையே பாத்துட்டு நடக்கறவர்கிட்ட ஒரு கேள்வி கேட்டா நின்னுட்டுதான் பதில் சொல்றாரு, அப்ப இன்னும் எந்த ஸ்டேஜ்ல இருக்காருன்னு தனியா விளக்கவே வேணாம்.

ஃபீட்பேக் பத்தி வர்ற லெசன் மட்டும் ரெண்டு தடவ பாக்கலாம். நம்ம வாய் சும்மா இருக்காதே, "முட்டிய நீட்டுங்க, நிமிருங்க, சூப்பர்"னு ஒவ்வொரு தடவைக்கும் ஏதாவது சொல்லிட்டே இருப்போம். வின்ஸ்டீனும் ஷ்மிட்டும் 1990ல பாத்தப்ப, ரிசல்ட்ட பாதி தடவைக்கு மட்டும், அதுவும் போகப்போக கம்மி பண்ணி சொன்ன குரூப்தான் பின்னாடி டெஸ்ட் பண்ணும்போது நல்லா பண்ணுச்சு. ஷே, மார்கன் 1979 ஸ்டடியும் இதே ரூட்தான், டாஸ்க்குகள மாத்தி மாத்தி பண்ண வெச்சா அப்போதைக்கு தடுமாறுவாங்க, ஆனா அப்புறம் கேட்டா அவங்களுக்குதான் நல்லா நிக்குது. அப்போ "இன்னிக்கு செஷன் நல்லா போச்சு"ன்னு நோட்ஸ்ல எழுதறது கத்துக்கிட்டாருங்கறதுக்கு சாட்சியே இல்ல, அடுத்த விசிட்ல எதுவும் சொல்லாம பண்ண வெச்சு பாக்கணும். ஒண்ணு, இந்த ரெண்டு ஸ்டடியுமே உடம்புல பிரச்சனை இல்லாதவங்கள வெச்சு பண்ணது, கோர்ஸ்ல அத சொல்லவே இல்ல, அது எனக்கு கடுப்பு.

எக்ஸ்டர்னல் ஃபோகஸ், அதாவது கவனத்த உடம்புல வெக்காம வெளிய இருக்கற பொருள்ல வெக்க வைக்கறது, அந்த பகுதி, அதான் கேப்ரியலே வுல்ஃப் ஆராய்ச்சி பண்ணது, அடுத்த நாளே யூஸ் ஆகும். "முழங்கைய நீட்டுங்க"ன்னு சொல்றதுக்கு பதிலா "அந்த டம்ளர எட்டிப் புடிங்க"ன்னு சொல்றது, அவ்ளோதான்.

இல்லாதது என்னன்னா, அஃபேசியா (மூளை பாதிப்பால பேசறதோ புரிஞ்சுக்கறதோ கஷ்டமாகறது) இருக்கறவருக்கு, ஞாபக மறதி இருக்கறவருக்கு எப்படி சொல்லிக்கொடுக்கறது, எரர்லெஸ் லேர்னிங் (தப்பே வராத மாதிரி கூடவே இருந்து கத்துக்கொடுக்கறது) எப்ப வேணும், எதுவும் இல்ல. எத்தன தடவ பண்ண வைக்கணும்ங்கறதும் இல்ல, லாங் குழு 2009ல எண்ணிப் பாத்தப்ப ஸ்ட்ரோக் பேஷன்ட்டுங்க ஒரு செஷன்ல கைய வெச்சு வேலை செய்யற மாதிரி பண்ணது சராசரியா 32 தடவதான், இத விட்டுட்டு பிராக்டிஸ் பத்தி என்ன பேசறது? குவிஸ் இன்னும் மோசம், யாரு எந்த வருஷம்னுதான் கேக்கறான். கிளினிக்ல பேஷன்ட் பாக்க ஆரம்பிச்சவங்க ஆஃபர் வரும்போது வாங்குங்க, நேரா ரெண்டாவது பாகத்துக்கு போயிடுங்க, முதல் பாகம் முடிக்காமலே அது ஓப்பன் ஆகும்.