சி.வி.ரி ஒயிலுக்குப் பில், உள்ளே போனது சாதாரண ஏ.ரி.எஃப்

யாழ்ப்பாணத்தில் சி.வி.ரி (பெல்ட்டில் ஓடும் ஓட்டோ கியர்பொக்ஸ்) வாகனம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கோ. சுன்னாகத்தில் ஒருவரின் டொயோட்டா விட்ஸுக்குக் கராஜ் ஒன்றில் கியர் ஒயில் மாற்றினார்கள். பில்லில் இருந்தது சி.வி.ரி ஒயில், ஊற்றியது பெரிய கானிலிருந்து எடுத்த சாதாரண ஏ.ரி.எஃப், அதாவது வழமையான ஓட்டோ கியர்பொக்ஸ் ஒயில். சில கிழமைகளில் வாகனம் எடுக்கும்போதே உதறத் தொடங்கியது. ஏ-9 வீதியில் ஆனையிறவு தாண்டியதும் அக்சிலேற்றரை மிதிக்க ஆர்.பி.எம் ஏறியது, வேகம் ஏறவில்லை. திரும்பக் கொண்டுபோனபோது, "கியர்பொக்ஸ் முடிஞ்சுது, யப்பான் பெட்டி ஒண்டு கிடக்கு, போடுவம்" என்றார்கள்.

விட்ஸின் சி.வி.ரியில் படிப்படியான கியர் கிடையாது. இரண்டு கப்பிகளுக்கு இடையே, மெல்லிய உருக்குத் தகடுகள் நூற்றுக்கணக்கில் கோத்த பெல்ட் ஒன்று ஓடும். பல் இல்லை, உருக்கை உருக்கு அழுத்திப் பிடிக்கிற பிடிதான் முழு இழுவையும். அந்தப் பிடியைக் காப்பதற்கென்றே சி.வி.ரி ஒயில் செய்யப்படுகிறது. ஏ.ரி.எஃப் கிளச் தகடுகளுக்கானது. அதை ஊற்றினால் பெல்ட் வழுக்கி, கப்பியின் முகத்தைக் கீறும். கீறலில் வந்த தூள் ஒயில் வடியிலும் (ஃபில்ற்றர்), ஒயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பகுதியிலும் அடைத்து ஒயில் அமுக்கத்தைக் குறைக்க, பெல்ட் இன்னும் வழுக்கும்.

பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அக்வா, பிரியஸ் ஹைபிரிட் வாகனங்களுக்கும் சி.வி.ரி என்றுதான் சொல்வார்கள். உள்ளே பெல்ட்டே இல்லை, கிரக கியரும் இரண்டு மோட்டரும்தான். அவற்றுக்கு டொயோட்டா சொல்வது ஏ.ரி.எஃப் டபிள்யூ.எஸ். ஏ.ஜி.எஸ் அல்ற்றோவில் இருப்பது சாதாரண மனுவல் பெட்டி, கிளச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் இயந்திரம் செய்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே கானிலிருந்து ஊற்றுகிறவரிடம் வாகனத்தை விடாதேங்கோ.

கையேட்டில் உள்ள ஒயில் பெயரை எழுதிக்கொண்டு போங்கோ. சீல் உடைக்காத போத்தலை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கோ. நிறம் ஒன்றையும் காட்டாது. வடித்த ஒயிலை அளப்பியுங்கோ. ஒயில் தட்டிலுள்ள காந்தத்தில் மை போன்ற சாம்பல் தூள் இருப்பது வழமை, செதில் இருந்தால் ஆபத்து. ஒயில் மட்டம் பார்ப்பது சமதரையில், கையேடு சொல்லும் சூட்டில்.

பெட்டி மாற்றச் சொன்னால் முதலில் ஸ்கேன் அறிக்கையைக் கேளுங்கோ. பழுதான இக்னிஷன் கொயிலும் கிழிந்த எஞ்சின் மவுண்டும்கூட இதேபோல உதறும். மாற்றினால் பழைய பெட்டியைக் கையில் வாங்குங்கோ.

பிழையான ஒயில் போனது தெரிந்தால் ஓட்டுவதை உடனே நிறுத்துங்கோ. ஒருமுறை வடித்தால் ஏறக்குறையப் பாதிதான் வெளியே வரும், மிச்சம் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் டோர்க் கொன்வேட்டர் போன்ற இடங்களுக்குள் நிற்கும். வடியை மாற்றி, சரியான ஒயிலால் இரண்டு மூன்று தரம் வடித்து நிரப்ப வேண்டும்.