சிங்கப்பூர் – நியூயார்க்: நேராகப் போவதா, பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏறுவதா?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் போக சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலேயே இரண்டு வழி இருக்கிறது. எங்கும் நிற்காமல் போவது ஒன்று, பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏறிப் போவது இன்னொன்று. தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நேர்வழி சுமார் 15,350 கி.மீ.; பிராங்க்ஃபர்ட் வழியில் 10,270-ம் 6,200-ம் சேர்ந்து ஏறக்குறைய 16,470. அந்தக் கூடுதல் 1,100 கி.மீ. விமானத்துக்கு ஒன்றேகால் மணி நேர வேலை, ஆனால் நேரடி விமானம் 18½ முதல் 19 மணி நேரத்தில் போய்ச் சேர, மற்றது 24 மணி நேரத்தை ஒட்டி வருகிறது.

மிச்ச நேரத்தைத் தின்பது பிராங்க்ஃபர்ட் மட்டுமில்லை, காற்றும்தான். ஐரோப்பாவிலிருந்து மேற்கே போகும்போது அட்லாண்டிக் முழுக்க எதிர்க்காற்று. நேரடி விமானமோ வரைபடத்தில் மிகக் குறுகிய, வடதுருவத்தை ஒட்டிய பாதையைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. பசிபிக் பக்கம் கிழக்கே திரும்பி மேலே கிழக்கு நோக்கி வேகமாக வீசும் ஜெட் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போகிறது. கிலோமீட்டர் கூடினாலும் நேரம் குறைகிறது. அதனால் தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

டிக்கெட்டில் உள்ள மணியைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். கோடையில் இரண்டு ஊருக்கும் 12 மணி நேர இடைவெளி. மதியம் 12 மணிக்குக் கிளம்பி 18½ மணி நேரம் பறந்தால் நியூயார்க்கில் அதே நாள் மாலை 6:30 என்று இருக்கும், ஏதோ ஆறரை மணி நேரப் பயணம் மாதிரி. மொத்தப் பயண நேரம் என்று தனியாகப் போட்டிருப்பதை மட்டும் பாருங்கள்.

சரி, எதை எடுப்பது? பலருக்கு இதை முடிவு செய்வது சீட்தான். நேரடியாகப் போகும் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறப்பதற்கான வகை) விமானத்தில் மொத்தமே 161 இருக்கைகள், பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94, சாதாரண எகானமி கிடையவே கிடையாது. அவ்வளவு எரிபொருளைச் சுமந்து பறக்க எடையைக் குறைத்தாக வேண்டும். உங்கள் பட்ஜெட் எகானமிக்குத்தான் தாங்கும் என்றால் பிராங்க்ஃபர்ட் வழியை எடுங்கள், அதில் தயங்க ஒன்றுமில்லை. பெட்டி நேராக நியூயார்க் போய்விடும். நீங்கள் கைப்பையோடு இறங்கி மறுபடி பாதுகாப்புச் சோதனை முடித்து ஏற வேண்டும். முட்டி வலி, கால் வீக்கம் உள்ளவர்களுக்கு அந்த நடை நிஜமாகவே நல்லது. கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போது எழுப்பித் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பதுதான் கொடுமை, குழந்தையோடு போகிறவர்கள் முடிந்தால் நேரடியே போகட்டும்.

திரும்பி வரும்போது கணக்கு மாறும். நியூயார்க்கிலிருந்து கிழக்கே வருகையில் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பிராங்க்ஃபர்ட் வழி 22 மணி நேரம் அளவுக்கு இறங்கிவிடும், நேரடியோ அதே 19 மணி நேரத்தை ஒட்டித்தான். ஒரு பக்கத்துக்கு மட்டும் கூடுதல் காசு கொடுக்க முடியும் என்றால் போகும்போது கொடுங்கள்.