பச்சை ஸ்டிக்கரை நம்பிக் காஸ்டிக் வால்வைத் திறந்தான்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் பராமரிப்பு வேலையைக் கவனிக்கிறேன். குழாய்களுக்கு நிற லேபிள் ஒட்டித் தருவதாக வந்த ஒப்பந்தக்காரரிடம் நாங்கள் ஏமாந்தோம். அதே ஆள் பக்கத்துப் பட்டறைகளிலும் கொட்டேஷன் கொடுத்து வருகிறார் என்று கேள்விப்பட்டதால் எழுதுகிறேன்.

அவர் காட்டிய மாதிரி தடித்த பாலியெஸ்டர், மேலே வெயில் தாங்கும் லேமினேஷன். எந்தக் குழாய்க்கு எந்த நிறம் என்று சொல்லும் இந்தியத் தர விதியான 'ஐ.எஸ். 2379 நிறமுறைப்படி' என்று கொட்டேஷனிலேயே எழுதியிருந்தார். பாதிப் பணத்தை முன்னதாக வாங்கிக்கொண்டு, கடைப் பலகைக்கு ஒட்டுகிற சாதாரண வினைலை ஒட்டிவிட்டுப் போனார். எங்கள் நீராவிக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தம்; அதில் நீராவியின் சூடு சுமார் 170 டிகிரி செல்சியஸ். வால்வுப் பக்கம் காப்புறை இல்லாத இடங்களில் ஒரே வாரத்தில் எல்லாம் சுருண்டு உதிர்ந்தது.

அதைப் பண நஷ்டம் என்று விட்டுவிடலாம். தோலை அரிக்கும் காரமான காஸ்டிக் சோடா போகும் குழாயில் செய்ததை மன்னிக்கவே முடியாது. அந்த நிறமுறையில் தண்ணீருக்குக் கடல் பச்சை, அமிலத்துக்கு அடர் ஊதா, காற்றுக்கு வான நீலம், காஸ்டிக் போன்ற காரங்களுக்குப் புகைச் சாம்பல். இவரோ மிஞ்சிக் கிடந்த பச்சை ஸ்டிக்கரில் 'காஸ்டிக்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்து ஒட்டிவிட்டார். எழுத்தைப் பார்த்த நான் நிறத்தைக் கவனிக்கவில்லை. அது என் தவறு. மூன்றே மாதத்தில் எழுத்து வெளிறிப்போய்ப் பச்சை மட்டும் மிஞ்சியது.

ஒடிசாவிலிருந்து வந்து எங்களிடம் வேலை செய்யும் பையன், தண்ணீர்க் குழாய் என்று நினைத்துக் கை கழுவ அதன் வடிகால் வால்வைத் திறந்தான். "அண்ணா, சோப்புத் தண்ணீர் வருகிறது" என்று கையை நீட்டினான். தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. காரம் தோலை அரிக்கத் தொடங்கும்போது வரும் வழவழப்பு அது. இழுத்துக்கொண்டு ஓடி, நல்ல தண்ணீர்க் குழாயின் கீழ் இருபது நிமிடம் கையைப் பிடித்து வைத்திருந்தேன். மணிக்கட்டு வரை சிவந்ததோடு தப்பினான். முகம் கழுவக் குனிந்திருந்தால் கண் போயிருக்கும்.

ஒப்பந்தக்காரரைக் கேட்டதற்கு, "பெயரைச் சரியாகத்தானே போட்டிருக்கிறேன்" என்றார். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவனுக்கு நிறத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அதன் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை.

மாதிரியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, வந்த சரக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வால்விலும் வளைவிலும், சுவரைக் கடக்கும் இடத்திலும் சரியான நிறமும் ஓட்டத்திசை அம்பும் இருக்கிறதா என்று நடந்து பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

எங்கள் காஸ்டிக் குழாய்க்கு இப்போது சாம்பல் பெயின்ட் அடித்து, கறுப்பும் மஞ்சளுமாக அபாயப் பட்டை போட்டுவிட்டோம். பெயரைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதியிருக்கிறோம். ஒடியா எழுத்துகளை அந்தப் பையனே எழுதினான்.