ஓய்வுநாளா, தனிமையா: களைத்த விசுவாசி எதை முதலில் கையில் எடுப்பது?

ஆவிக்குரிய பயிற்சிகளைப் பற்றிப் பேசும்போது ஓய்வையும் தனிமையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். "கொஞ்சம் ஓய்ந்து, கர்த்தரோடு தனியாக இருங்கள்" என்று ஆலோசனை சொல்வதும் எளிது. இரண்டையும் உண்மையாகவே கடைப்பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், இவை இரண்டும் வெவ்வேறு திசையில் இழுக்கும் பழக்கங்கள். வாரத்தில் ஒரு நாள் வேலையை நிறுத்தும் ஓய்வுநாள் வீட்டாரை ஒன்றாக உட்கார வைக்கும். தனிமை அவர்களிடமிருந்து எழுந்துபோகச் சொல்லும். ஓய்வுநாளில் எதையும் சாதிக்க வேண்டியதில்லை. தனிமையில் நம்மை நாமே சந்திக்க வேண்டியிருக்கிறது, அது லேசான வேலை இல்லை. வாரத்தில் மிஞ்சுவது சில மணி நேரம்தான் என்றால், அதை எதற்குக் கொடுப்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பும் மனசும் களைத்திருப்பவர் ஓய்வுநாளில் தொடங்கட்டும். களைப்பு பெரிதாக இல்லை, ஆனால் உள்ளே ஓயாத இரைச்சல், எதைப் பிடிப்பது எதை விடுவது என்று புரியவில்லை என்பவர் தனிமையில் தொடங்கட்டும். ஆள் மாறிப் போனால் இரண்டும் பலன் தராது.

எலியாவுக்கு முதலில் கிடைத்தது

இப்படிப் பிரித்துச் சொல்ல எனக்குத் துணிவு தந்தது 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். கர்மேல் மலையில் பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் தீர்க்கதரிசிகளுக்கு எதிராக அவ்வளவு பெரிய வெற்றி கண்ட தீர்க்கதரிசி எலியா, ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடுகிறார். வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் பயணம் தனியாகப் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்காருகிறார். இதைவிடத் தனிமை வேண்டுமா? ஆனால் அந்தத் தனிமை அவரை ஆற்றவில்லை. "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்கிற இடத்துக்குத்தான் கொண்டுவிட்டது.

தேவன் அப்போது என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். தூங்க விட்டார். பிறகு தேவதூதன் தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், குடித்தார், திரும்பவும் படுத்துக்கொண்டார். அதையும் தேவன் தடுக்கவில்லை. இரண்டாம் முறை எழுப்பியபோதும் சாப்பாடுதான். கண்டிப்பு இல்லை, கேள்வி இல்லை, "விசுவாசம் எங்கே போயிற்று" என்ற விசாரணை இல்லை.

கேள்வி பிறகு வருகிறது. அந்தப் போஜனத்தின் பலத்தினால் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய், ஒரு குகையில் தங்கிய பிறகு. "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" இந்தக் கேள்வி இரண்டு முறை கேட்கப்படுகிறது. நடுவே பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, கடைசியில் அமர்ந்த மெல்லிய சத்தம். எலியா இரண்டு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்: நான் ஒருவன் மட்டும் மீதியாயிருக்கிறேன். பாகாலுக்கு முழங்காற்படியாத 7000 பேர் இருக்கிறார்கள் என்று தேவன் அந்தக் கணக்கைத் திருத்துகிறார். அவருக்குப் பின் தீர்க்கதரிசியாக வரப்போகும் எலிசாவையும் சுட்டிக்காட்டுகிறார்.

தூக்கமும் அப்பமும் முதலில். குகையும் கேள்வியும் பிறகு. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நாள் முழுக்க ஓடிக் களைத்தவர், "ஆவிக்குரிய ஜீவியம் காய்ந்துவிட்டது" என்று வருந்தி, இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக அலாரம் வைக்கிறார். முழங்காலில் நின்றபடியே தூங்கிவிடுகிறார். அந்தக் குற்ற உணர்வில் மறுநாள் இன்னும் சீக்கிரம் எழுகிறார். அவருக்கு வேண்டியது இன்னொரு ஜெப வேளை இல்லை, தூக்கம். "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்று 127ஆம் சங்கீதம் சொல்வது அதிகாலையில் எழுந்து வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்துத்தான்.

ஓய்வுநாள் கேட்கும் விலை

ஓய்வுநாளுக்கு வேதம் இரண்டு காரணங்கள் தருகிறது. யாத்திராகமம் 20இல் காரணம் சிருஷ்டிப்பு: ஆறு நாளில் படைத்தவர் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5இல் காரணம் எகிப்து: நீ அங்கே அடிமையாயிருந்தாய், மறக்காதே. எனக்கு இரண்டாவதுதான் நெஞ்சில் தைக்கிறது. செங்கல் கணக்குக் குறையக் கூடாது என்று பார்வோன் விரட்டிய ஜனத்துக்கு, வேலை செய்யாமல் இருப்பதே விடுதலையின் அடையாளமாகிறது. அலுவலகச் செய்திக்கு உடனே பதில் போடாவிட்டால் மனசு பதறுகிறவர்கள், தாங்கள் இன்னும் யாருடைய செங்கலை எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டுப் பார்க்கலாம்.

இதன் விலை முந்தின நாளில் கட்டப்படுகிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தினமும் தந்த உணவான மன்னாவின் கதையில், ஆறாம் நாள் இரண்டு மடங்கு பொறுக்கினார்கள். மற்ற நாட்களில் மிச்சம் வைத்தது பூச்சி பிடித்து நாறியது. ஆறாம் நாள் வைத்தது கெடவில்லை. ஏழாம் நாளும் பொறுக்கப் போனவர்கள் ஒன்றும் காணாமல் திரும்பினார்கள். நடைமுறையில் அர்த்தம் இதுதான்: முந்தின நாளே சமையலில் பாதியை முடித்து, துணியைத் துவைத்து, பதில் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லி, போனை ஒரு அலமாரியில் வைத்துவிடுவது. தயாரிப்பு இல்லாத ஓய்வுநாள், வேலை ஒத்திவைக்கப்பட்ட நாளாகிவிடும். ஞாயிறு மாலையே திங்கட்கிழமை நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிடும்.

இன்னொரு விலையும் உண்டு, அதை அதிகம் பேசுவதில்லை. கட்டளையில் ஒரு பட்டியல் வருகிறது: நீ, உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலில் இருக்கிற அந்நியன். மனைவி தனியாகச் சொல்லப்படவில்லை. 'நீ' என்பதற்குள் அவளும் அடக்கம் என்றுதான் வாசிக்க வேண்டும். ஆனால் பல வீடுகளில் அவள் நிஜமாகவே பட்டியலுக்கு வெளியே நிற்கிறாள். ஆராதனை முடிந்து வந்து எல்லாரும் காலை நீட்டிக்கொள்ள, ஒருத்தி மட்டும் வாரத்திலேயே பெரிய சமையலைச் செய்கிறாள் என்றால், அந்த வீட்டில் ஓய்வுநாள் ஆசரிக்கப்படவில்லை. ஓய்வு பகிரப்பட வேண்டும் என்பது கட்டளையின் மையம்.

சனிக்கிழமையா ஞாயிறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ரோமர் 14:5 ஒவ்வொருவரும் தன் மனதில் நிச்சயப்படுத்திக்கொள்ளச் சொல்கிறது, அது போதும். சட்டமாக இறுகிப்போகும் ஆபத்து மட்டும் எந்த நாளை எடுத்தாலும் வரும். 18 வருஷம் கூனியாயிருந்த ஸ்திரீயை இயேசு ஓய்வுநாளில் நிமிர்த்தியபோது, ஜெப ஆலயத்தலைவன் கோபப்பட்டு, வேலை செய்ய ஆறு நாள் உண்டே என்றான். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்பதை மறந்தால் நாமும் அவன் பக்கம்தான் நிற்போம்.

தனிமை: ஓய்வு என்று நம்பிப் போனால் ஏமாற்றம்

தனிமையை ஒரு விதமான ஓய்வாக எண்ணித் தொடங்குபவர்கள் சீக்கிரமே விட்டுவிடுகிறார்கள். கதவைச் சாத்தி உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடம் வேலைப் பட்டியல்தான் வரும்: கட்ட வேண்டிய கட்டணம், மறந்துபோன பிறந்தநாள். அதை ஒரு தாளில் எழுதி ஓரமாக வைத்துவிடலாம். அப்புறம் வருவதுதான் கஷ்டம். போன மாதம் ஒருவர் சொன்ன சொல், நாம் திருப்பிச் சொன்ன சொல், வெளியே யாரிடமும் ஒத்துக்கொள்ளாத பொறாமை. சத்தம் நின்றதும் இவை ஒவ்வொன்றாக எழுந்து வரும்.

இது புதிய தலைமுறையின் பலவீனம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்து 399இல் மறைந்த துறவி எவாக்ரியுஸ், அறையில் தனித்திருப்பவரை நண்பகலில் பிடிக்கும் சோர்வைத் துல்லியமாக எழுதியிருக்கிறார். காலை சுமார் பத்து மணிக்குத் தொடங்குமாம். சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது. நாளுக்கு ஐம்பது மணி நேரம்போலத் தோன்றுகிறது. துறவி ஜன்னலையே பார்க்கிறார். சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே வந்து சூரியனை அளக்கிறார். யாராவது சகோதரர் வருகிறாரா என்று இங்கும் அங்கும் நோக்குகிறார். போன் இல்லாத காலத்திலேயே இந்தப் பாடு. 2014இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், 15 நிமிடம் வெறுமனே யோசித்துக்கொண்டு தனியாக இருக்கச் சொன்னபோது, ஆண்கள் 18 பேரில் 12 பேரும் பெண்கள் 24 பேரில் 6 பேரும் தங்களுக்குத் தாங்களே மின் அதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள்.

சரி, பின் எதற்காக இதைச் செய்ய வேண்டும்? தனிமையில் இருந்து வெளியே வரும்போது ஒரு தெளிவு கூட வருகிறது. மாற்கு 1:35இல் இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். சீஷனான சீமோன் தேடிப் பிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். ஊரே காத்திருக்கும்போது, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார் அவர். பன்னிரு சீஷர்களைத் தெரிந்துகொண்டதும் மலையில் ஓர் இரவு முழுவதும் ஜெபித்த பிறகுதான். ஜனங்களின் எதிர்பார்ப்பு அவரை ஆளவில்லை. ஓய்வுநாள் இந்த வேலையைச் செய்யாது. அது நம்மைத் தேற்றும். ஆனால் நம் முடிவுகளுக்குப் பின்னால் யாருடைய குரல் இருக்கிறது என்று பிரித்துக் காட்டாது.

தனிமையின் ஆபத்து, அது தப்பியோடும் வழியாகிவிடுவது. நான்காம் நூற்றாண்டில் ஆயர் பசிலியார் தனித்து வாழும் துறவிகளை நோக்கி ஒரு கேள்வி வைத்தார்: தனியாக வாழ்ந்தால் நீ யாருடைய கால்களைக் கழுவுவாய்? அவரே சில காலம் ஒதுங்கி வாழ்ந்தவர் என்பதால் அந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். மறுபக்கம் எகிப்து வனாந்தரத் துறவி அந்தோனியார். ஏறக்குறைய இருபது ஆண்டு ஒரு பாழடைந்த கோட்டையில் தனித்திருந்து வெளியே வந்தவர், துக்கப்பட்டவர்களைத் தேற்றினார், பகைத்தவர்களை ஒப்புரவாக்கினார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. ஆக, ஒருவருடைய தனிமை சரியா என்று அறிய அவரைக் கேட்க வேண்டாம், அவரோடு வாழ்பவர்களைக் கேட்கலாம்.

யாருக்கு எது

கைக்குழந்தை உள்ள தாய்க்குத் தனிமைப் பயிற்சியைப் பரிந்துரைப்பது கொடுமை. அவளுக்கு வேண்டியது, குழந்தையை இரண்டு மணி நேரம் வாங்கிக்கொண்டு அவளைத் தூங்க விடும் ஒருவர். நோயாளியைக் கவனித்துக்கொள்பவருக்கும் அப்படியே.

தனியாக வாழும் முதியவருக்கு, துணையை இழந்தவருக்கு, தனிமை ஏற்கெனவே அளவுக்கு மீறி இருக்கிறது. அவருக்கு ஓய்வுநாள் என்றால் இன்னொரு குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில் ஓர் இடம். மனச்சோர்வு ஆழமாகி, எலியாவைப் போல வாழ்வே போதும் என்று சொல்பவரைத் தனியே போய் ஜெபிக்கச் சொல்லி அனுப்பிவிடக் கூடாது. கூட இருக்க வேண்டும், மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

போதகர்களின் நிலை வேறு. ஞாயிறு அவர்களுக்கு வேலைநாள். வாரத்தில் இன்னொரு நாளைச் சபையே ஒதுக்கிக் கொடுத்து, அன்று அவரைக் கூப்பிடாமல் இருப்பது சபையின் கடமை. அது நடந்த பிறகு அவருக்குத் தனிமையும் தேவை, ஏனென்றால் நாள் முழுதும் மற்றவர்களுக்காகவே வேதத்தைத் திறக்கிறவர் தனக்காகத் திறக்க மறந்துபோவார். வேலை, சம்பளம், தூக்கம் எல்லாம் ஓரளவு சரியாக இருந்தும், கையில் எப்போதும் ஒரு திரை இல்லாமல் இருக்க முடியாத இளைஞருக்கும் நான் தனிமையையே சொல்வேன். தினம் இருபது நிமிடம் போதும், அது நீண்டதாகவே இருக்கும்.

இரண்டையும் சேர்த்துத் தரும் ரிட்ரீட்

மூன்றாவது வழி ஒன்று உண்டு: ஒன்றிரண்டு நாள் ஒதுங்கிப் போகும் தியான முகாம். நல்லதுதான், ஆனால் வாராந்தர ஓய்வுக்கு அது ஈடாகாது. திட்டம் போட்ட ஓய்வு கைகூடாமல் போகவும் கூடும். மாற்கு 6இல், சாப்பிடவும் நேரமில்லாத சீஷர்களை இயேசு, தனித்துச் சற்றே இளைப்பாறும்படி வாருங்கள் என்று படகில் அழைத்துப் போகிறார். ஜனங்கள் கால்நடையாக ஓடி முன்னாலேயே போய் நிற்கிறார்கள். அவர் மனதுருகிப் போதிக்கிறார், 5000 பேருக்கு உணவு கொடுக்கிறார். ஓய்வுக்கென்று வந்த சீஷர்கள் அன்றிரவு எதிர்க்காற்றில் துடுப்பு வலித்து வருந்துகிறார்கள். இயேசுவோ கூட்டத்தை அனுப்பிவிட்டு, தள்ளிப்போன தனிமைக்காக மலைக்கு ஏறுகிறார். அவசரம் வந்தால் ஒத்திவைக்கலாம், ரத்து செய்ய வேண்டாம் என்று இதை எடுத்துக்கொள்கிறேன்.

ரிட்ரீட் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை செய்தி, பாட்டு, குழு விவாதம் என்று நிரப்பாதீர்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் சூரைச்செடிக்குக் கீழே இருக்கும் நிலையில்தான் வருகிறார்கள். முதல் நாள் மதியம் வரை அவர்களைத் தூங்க விடுங்கள், நல்ல சாப்பாடு கொடுங்கள். மாலையில் ஆளுக்கொரு மூலையும் ஒரே ஒரு வேதப்பகுதியும் கொடுத்து அனுப்புங்கள். போன்களை வாங்கி வைக்கும்போது, அவசரத்துக்கு வீட்டார் அழைக்க ஒரு எண்ணை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது தெரிந்தால்தான் ஒரு தாயால் நிம்மதியாக உட்கார முடியும்.