மாடியில் பாட்டு வகுப்பு, கீழே பேக்கப்: இரண்டரை வருட வைஃபை அனுபவம்

மதுரை தல்லாகுளத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் டேப்லெட் வைத்து, சிங்கப்பூரில் இருக்கும் ஒரு சிறுமிக்கு ஆன்லைனில் பாட்டு வகுப்பு எடுக்கிறேன். நமக்குச் சாயங்காலம் 5 மணி, சிங்கப்பூரில் 7.30. முன்பெல்லாம் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை பாடிக் காட்டினால், அங்கே 'ச ரி... ப த' என்றுதான் போய்ச் சேரும். படம் மங்கினால் குழந்தை பொறுத்துக்கொள்ளும். ஸ்வரம் விட்டுப்போனால் பாடமே தப்பாகிவிடும்.

100 எம்பிபிஎஸ் திட்டத்தை 200 ஆக்கினேன். மாதாமாதம் கூடுதலாகக் காசு போனதுதான் மிச்சம். கூடியது டவுன்லோட் மட்டும். அப்லோட் அதே 20-இல் நின்றது.

ஒருநாள் வகுப்பு நடக்கும்போதே லேப்டாப்பில் பிங் ஓடவிட்டேன், ஒரு சேதி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று காட்டும் சோதனை அது. 15 மில்லி செகண்டில் இருந்த எண் திடீரென்று 400-ஐத் தாண்டியது. எட்டிப் பார்த்தால், கீழே கொழுந்தனார் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். கல்யாண வீடியோ எடுப்பவர். அவர் போன் வைஃபையில் ஏறியதும் அன்றைக்கு எடுத்ததெல்லாம் பேக்கப்புக்குக் கிளம்பிவிடும். அவர் மேல் தப்பில்லை, அது அவர் பிழைப்பு.

ரூட்டரில் டபிள்யூஎம்எம் என்று ஒரு டிக் இருக்கும், வைஃபையில் குரலுக்கும் வீடியோவுக்கும் முன்னுரிமை தரும் வசதி. 2005-இல் ஒப்புதலான 802.11இ என்ற வைஃபை தரத்தை ஒட்டியது. பொதுவாக ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். அது முடித்ததும் மற்றவை ஆளுக்கொரு எண்ணை எடுத்து, அது தீரும்வரை காத்திருக்கும். சாதாரண பேக்கெட் (தரவுத் துண்டு) 0 முதல் 15-க்குள் ஒன்றை எடுக்கும். குரல் 0 முதல் 3-க்குள். ஒரு எண்ணுக்கு 9 மைக்ரோ செகண்ட். அதனால் பெரும்பாலும் குரல்தான் முந்தும். வீடியோவுக்குத் தனி வரிசை, பேக்கப் மாதிரியானவற்றுக்குக் கடைசி வரிசை.

லைன் பார்க்க வந்த தம்பி, "இது தேவையில்லாத செட்டிங்க்கா, எடுத்து விட்டுர்றேன்" என்று அந்த டிக்கை எடுத்துவிட்டார். அன்றே லேப்டாப்பின் வைஃபை இணைப்பு வேகம் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கி, கையில் கிடைத்தது இருபதுதான். 802.11என் என்ற வைஃபை தரத்திலிருந்து வந்த வேகங்களுக்கெல்லாம் டபிள்யூஎம்எம் கட்டாயம். யார் சொன்னாலும் அதை அணைக்காதீர்கள்.

ஆனால் அந்த டிக் மட்டும் என் பாட்டைக் காப்பாற்றவில்லை. 'நான் குரல்' என்ற அடையாளத்தை பேக்கெட்டில் ஆப்தான் போட வேண்டும். பல ஆப் போடுவதில்லை. போட்டாலும் வெளியிலிருந்து வருவதில் அது வழியிலேயே அழிந்துபோகலாம். அதைவிட முக்கியம், எங்கள் வீட்டு நெரிசல் காற்றில் இல்லை, இணைய லைன் வந்து சேரும் ஃபைபர் பெட்டியின் வாசலில். கொழுந்தனாரின் வீடியோ அங்கே மலையாகக் குவிந்துகிடக்க, அதன் பின்னால் என் காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம், நின்றது.

ஓபன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் போட்ட ரூட்டர் வாங்கி, அதில் வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் வசதியை இயக்கி, அதிலுள்ள 'கேக்' முறையைத் தேர்ந்தெடுத்தேன். கிடைக்கிற அப்லோட் 20 என்றால் 17 என்று எழுத வேண்டும். அப்போது வரிசை ஃபைபர் பெட்டியில் சேராது. நம் ரூட்டரிலேயே நிற்கும். அது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முறை வைத்து அனுப்புவதால், குரலின் சின்ன பேக்கெட்டுகள் நிற்காமல் போய்விடும். பேக்கப் முடியக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

நல்ல சோதனை சித்திரைத் திருவிழாவில் வந்தது. எதிர்சேவை அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள், வைஃபையில் பதினெட்டு போன், ஆளாளுக்கு அழகரை வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள். சிங்கப்பூரில் அன்று லீவா என்ன? வகுப்பு நடந்தது. பிங் 30-ஐத் தாண்டவில்லை.

குறைகளும் உண்டு. ரூட்டரின் பிராசஸருக்கு 200-ஐத் தாங்கும் சக்தி இல்லை, அதனால் பழைய 100 திட்டத்துக்கே திரும்பினேன், நஷ்டமாகத் தெரியவில்லை. சில சாயங்காலம் லைனே 17-க்குக் கீழே இறங்கினால் பழைய கதைதான், எண்ணைக் குறைத்து எழுத வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை எங்கள் பழைய காரைச் சுவரைத் தாண்டாததால் ரூட்டரையே மாடிக்குக் கொண்டுபோனேன். கரண்ட் போனாலும் ஓட, மினி யுபிஎஸ் ஒன்று.

இரண்டு பேரும் சேர்ந்து பாடுவது இன்றைக்கும் முடியாது. அந்தத் தூரத்துத் தாமதத்தை எந்த செட்டிங்கும் எடுக்காது. நான் ஒரு வரி, அவள் ஒரு வரி. ஆனால் போன வாரம் அவள் காந்தாரத்தை ஒரு நூல் இறக்கிப் பாடினாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. நிறுத்தி, மறுபடி பாடச் சொன்னேன்.